நாயின் காலில் உப்பு

அந்த நாயை வெளியே கொண்டுபோவதென்றால் முதலில் நான் இரண்டு மாடி இறங்க வேண்டும். பிறகு நாயோடு இன்னும் இரண்டு மாடி. திரும்பி வரும்போது அவ்வளவும் ஏற வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று தரம். எங்கள் கட்டிடத்தில் லிஃப்ட் இல்லை. மரப்படிகள், நடுவில் தேய்ந்து குழி விழுந்தவை. சப்பாத்து ஈரமாக இருக்கும் நாளில் கைப்பிடியை விட்டால் விழ வேண்டியதுதான். ஒரு கையில் நாயின் கயிறு, மற்றக் கையில் கைப்பிடி. முழங்காலிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

ஊரில் சண்டை முடிந்த வருஷத்தின் கடைசியில் நான் பிரெஞ்சு நாட்டில், லா சப்பலில் இருக்கும் மகளிடம் வந்து சேர்ந்தேன். மகளும் மருமகனும் விடியுமுன் வேலைக்குப் போனால் இருட்டின பிறகுதான் வருவார்கள். முதல் மூன்று குளிர் காலமும் நான் வெளியே இறங்கியதே குறைவு. கோயிலுக்கு ரூ பஜோல் தெரு வரை, மரக்கறிக்குப் பக்கத்துக் கடை வரை. பனி விழுந்தால் அதுவும் இல்லை. யன்னல் கண்ணாடியால் பார்த்துக்கொண்டு சமைப்பேன். வெளியே போகும்போது படியில் யாரும் வருகிறார்களா என்று கதவை நீக்கிப் பார்த்து, சத்தம் அடங்கின பிறகுதான் இறங்குவேன். எனக்கு ஆட்களோடு முகம் பார்த்துப் பேசுவது சின்ன வயதிலிருந்தே கஷ்டம். பாஷையும் தெரியாவிட்டால் கேட்கவா வேண்டும்.

இரண்டாம் மாடியில் ஒரு வயதான மதாம் தனியாக இருந்தார். எனக்கும் அவருக்கும் மூன்று வருஷமாக ஒரு பொன்ஜூர், ஒரு வணக்கம்தான். அவரிடம் ஒரு நாய். வெள்ளை, ஒரு காது மட்டும் மண்ணிறம், கால் கட்டை, வயிறு நிலத்துக்கு நாலு விரல் உயரத்தில் போகும். அதுவும் கிழடு. இரண்டும் மெதுவாகப் படியிறங்கிப் போவதைக் கதவு இடுக்கால் பார்த்திருக்கிறேன்.

நாலாவது குளிர் தொடங்கும்போது மதாம் தெருவில் நனைந்து கிடந்த சருகில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் பல நாள். பிறகு இரண்டு பேர் கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் விட்டார்கள். அதுவரை நாய் அவருடைய மகன் வீட்டில் நின்றது, பிறகு அதுவும் வந்தது. மதாமுக்கு வீட்டுக்குள் தள்ளுவண்டியைப் பிடித்து நடக்கலாம். படி இறங்க முடியாது.

ஒரு நாள் நான் மரக்கறிப் பையோடு ஏறி வரும்போது அவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் நிறையப் பேசினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காவிட்டால் நான் செய்வது ஒன்றுதான். உய் என்று சொல்லித் தலையாட்டுவேன். அப்படிச் சொன்னால் சனம் சிரித்துவிட்டுப் போய்விடும், எனக்கும் ஆறுதல். மதாமும் சிரித்தார். ஆனால் போகவில்லை. நாயின் கயிற்றை என் கையில் வைத்தார்.

அன்று பையையும் கொண்டு நாயையும் கொண்டு கீழே இறங்கி, வாசலில் அது மூத்திரம் பெய்யும் மட்டும் நின்று, திரும்ப ஏறினேன். இரவு மகளுக்குச் சொன்னேன்.

“விளங்காமலே ஓம் எண்டு சொன்னனீங்களோ?”

“அவ கயித்தைத் தந்திட்டா.”

“தந்தால் திருப்பிக் குடுக்கிறதுதானே அம்மா. இந்த முழங்காலோடை உங்களுக்கு நாய் மேய்க்கிற வேலை வேண்டிக் கிடக்கோ?”

நான் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று மகள் இறங்கிப் போனாள். அரை மணித்தியாலம் கழித்து வந்து சப்பாத்தைக் கழற்றினாள். ஏலாது என்று சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. பிறகு விஷயத்தைச் சொன்னாள். மதாமின் மகன் தெற்கே கடற்கரைப் பட்டினத்தில் இருக்கிறார். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து தாயைப் பார்த்துவிட்டுப் போவார். நாயைப் பார்க்க ஆளில்லை, அனாதை நாய்களை எடுக்கும் இடத்தில் விடுவோம் என்று அவர் நிற்கிறார். மதாம் கெஞ்சி, குளிர் முடியுமட்டும் தவணை வாங்கியிருக்கிறார். யாராவது ஒழுங்காக நடத்தினால் நாய் நிற்கலாம். ஏதாவது பிசகினால் அந்த ஞாயிறே காரில் ஏற்றிவிடுவார்.

“அந்த மனுசி அழேல்லை அம்மா. அழுதிருந்தால் நான் ஏலாது எண்டு சொல்லிப்போட்டு வந்திருப்பன்” என்றாள் மகள்.

மருமகனுக்கு இது பிடிக்கவில்லை. நாயை எங்கள் வீட்டுக்குள் மட்டும் கொண்டு வரக்கூடாது, சாமிப்படம் இருக்கிறது என்றார். அது நியாயம்தான். எனக்கும் நாய் என்றால் வெளியே நிற்கிற சீவன். வீட்டுக்குள் கட்டிலுக்குக் கீழே நாய் படுப்பதை நான் இந்த நாட்டில்தான் கண்டேன்.

அதற்கு ஒரு பிரெஞ்சுப் பெயர் இருந்தது. என் வாயில் அது வரவில்லை. நான் “இஞ்சை வா” என்றுதான் கூப்பிட்டேன். ஒரு கிழமையில் அதற்கு அதுவே பெயராகிவிட்டது.

குளிரில் நாயை நடத்துவது லேசு என்று நினைத்தேன். மயிர் இருக்கிறதுதானே, அதற்கென்ன குளிர் என்று. முதல் நாளே அது நடுங்கியது. கயிறு வழியாக அந்த நடுக்கம் என் கைக்கு வந்தது. மகளின் பழைய கம்பளிச் சட்டையை வெட்டி, முதுகுக்கு மேல் போட்டு, கழுத்தில் முடிந்தேன். முதுகு மூடினது, வயிறு திறந்து கிடந்தது. ஈரமும் சேறும் படுவது வயிற்றில்தான், கால் கட்டை என்பதால். திரும்ப அவிழ்த்து, வயிற்றைச் சுற்றி வரும்படி தைத்துப் பக்கத்தில் பொத்தான் வைத்தேன். மழையில் நனைந்தால் அந்தச் சட்டை போடாததைவிட மோசம், பாரமாய் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதனால் மாற்றுச் சட்டை ஒன்றும் தைத்தேன். ஒன்று மதாமின் ஹீட்டரில் காயும், மற்றது நாயில் இருக்கும்.

காலமையும் பின்னேரமும் வாசலோடு முடித்துவிட்டு, கொஞ்சம் தூரம் நடப்பதை மத்தியானம் வைத்துக்கொண்டேன். எங்கள் பகுதியில் மெத்ரோ ரயில் வானத்தில் போகிறது, இரும்புத் தூண்களின் மேல். அதற்குக் கீழே நிலம் காய்ந்து கிடக்கும். மழையும் பனியும் அங்கே விழாது, புறா எச்சம்தான் விழும். அதன் கீழே போய்த் திரும்புவோம். ஓரிடத்தில் நடைபாதையில் இரும்புக் கம்பிச் சட்டம் போட்டு, கீழிருந்து சூட்டுக் காற்று வரும். நாய் அதில் ஏறி நின்றால் இழுத்தாலும் வராது. நானும் நிற்பேன். என் சேலைக்குள்ளும் அந்தச் சூடு ஏறும். போகிற வருகிற ஆட்கள் பார்ப்பார்கள். முதலில் வெட்கமாக இருந்தது, பிறகு களைப்பில் அந்த வெட்கமும் விட்டுப்போயிற்று.

மரக்கறிக் கடைக்காரத் தம்பிக்கு இது பெரிய பகிடி. வைரவருக்கு நாய் வாகனம் என்பதால் அவர் நாயை வைரவர் என்றே சொல்லுவார்.

“அம்மா, வைரவர் இண்டைக்கு ஸ்வெட்டர் மாத்திப்போட்டார் போலை. வடைமாலை ஒண்டு சாத்துவமோ?”

கடைக்குள் நிற்கிற ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு போவேன். கோபமில்லை. பதில் சொல்லத் தெரியாது, அவ்வளவுதான்.

மார்கழிக் கடைசி ஞாயிறு மதாமின் மகன் வந்தார். நான் அவரைக் காணவில்லை. நாய் அடுத்த நாளும் நின்றது. அதில்தான் தெரிந்தது, முதல் தவணை தப்பிவிட்டது என்று.

தை மாதம் பனி கொட்டியது. இரண்டு நாள் விடாமல். மூன்றாம் நாள் தெரு வெள்ளையாகவும் பிறகு சாம்பலாகவும் கிடந்தது. நடைபாதையெல்லாம் மங்கல் வெள்ளையாகக் குறுணி மாதிரி ஏதோ தூவியிருந்தார்கள். சறுக்காமல் இருக்கக் கல் உடைத்துப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். முந்தின குளிர்களில் பனி விழுந்த தெருவில் நான் கால் வைத்ததே இல்லை. அது என்னவென்று எனக்கு யார் சொல்ல.

நாய் நாலைந்து அடி நடந்துவிட்டு ஒரு காலைத் தூக்கியது. அதை வைத்துவிட்டு மற்றதைத் தூக்கியது. வெயிலில் கொதிக்கிற தாரில் வெறுங்காலோடு நிற்கிற ஆள் மாதிரி மாறி மாறித் தூக்கியது. பிறகு நடக்க மாட்டேன் என்று நின்று என்னைப் பார்த்தது. தூக்கிக்கொண்டு வந்தேன். ஒரு பச்சரிசி மூட்டை மாதிரி அது கனத்தது. மதாமின் வாசலில் படியில் குந்தி காலைத் திருப்பிப் பார்த்தேன். விரல்களுக்கு நடுவே சிவந்து, உள்ளங்காலில் வெடிப்பு.

கால் நொந்தால், வெடித்தால், சேற்றுப்புண் வந்தால் எங்கள் ஆட்களுக்கு ஒரே மருந்துதான். சுடுதண்ணீரில் ஒரு பிடி கல்லுப்பும் மஞ்சளும் போட்டுக் காலை அமிழ்த்தி வைப்பது. நானும் என் பிள்ளைகளும் அந்தத் தண்ணீரில் கால் வைத்துத்தான் வளர்ந்தோம். மேலே போய் இளஞ்சூடாகத் தண்ணீர் வைத்து, உப்பும் மஞ்சளும் கலந்து, பிளாஸ்டிக் பேசினில் எடுத்துக்கொண்டு இரண்டு மாடி இறங்கினேன். தண்ணீர் பாதி என் சேலையில் ஊற்றுப்பட்டது. நாயின் காலைப் பிடித்து உள்ளே விட்டேன். அது கத்தியது, இழுத்தது. நான் விடவில்லை. எரிந்தால்தான் மாறும் என்பது எங்கள் சொல். எரிகிறது, மருந்து வேலை செய்கிறது என்று எனக்குள் திருப்தி.

அப்படி மூன்று நாள், நாளுக்கு இரண்டு தரம். வெள்ளை நாயின் நாலு காலும் கணுக்கால் வரை மஞ்சளாகிவிட்டது, கலியாண வீட்டுக்கு வெளிக்கிட்ட மாதிரி. மதாம் அதைக் காட்டிக் கேட்டார். நான் “பொன், பொன்” என்றேன், நல்லது என்று. அவர் நம்பித் தலையாட்டினார்.

நாய்க்கு நல்லதாகவில்லை. விடாமல் காலை நக்கியது. சட்டி சட்டியாகத் தண்ணீர் குடித்தது. குடித்த தண்ணீரைப் படி இறங்குமட்டும் வைத்திருக்க முடியாமல் மதாமின் கம்பளத்தில் விட்டது. என் காலடிச் சத்தம் கேட்டால் வாலாட்டிக்கொண்டு வருகிற நாய் மேசைக்குக் கீழே போய்ப் படுத்தது. அதைக் கூப்பிட மதாம் குனியப் பார்த்து, குனிய முடியாமல் நிமிர்ந்தார். அடுத்த ஞாயிறு மகன் வரும் ஞாயிறு.

நாலாம் நாள் காலை, புதன்கிழமை, நாயைத் தூக்கிக்கொண்டு இறங்கி, பனி குறைந்த இடமாகப் பார்த்துக் கடைப்பக்கம் போனேன். கடைக்காரத் தம்பி வாசலில் நின்று, ஒரு பெரிய பையிலிருந்து பேணியால் அள்ளி நடைபாதையில் எறிந்துகொண்டிருந்தார். தெருவில் கிடந்த அதே குறுணி.

“என்ன தம்பி கொட்டுறியள்?”

“உப்பம்மா. ஐஸ் உருகிறதுக்கு. றோட்டு முழுக்க இதைத்தான் கொட்டியிருக்கிறாங்கள். இல்லாட்டி வாற சனம் விழுந்து என்ரை வாசலிலை காலை முறிச்சுப்போடும்.”

நான் நாயை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு குனிந்து, ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்தேன்.

“அம்மா, அது கறிக்கு ஆகாது” என்று சிரித்தார்.

உப்புத்தான். தெருவில் உப்பு, அதில் நடந்து கால் வெந்த நாயைக் கொண்டுபோய் நான் உப்புத் தண்ணீரில் பிடித்து வைத்திருக்கிறேன். மூன்று நாள். அது கத்தக் கத்த.

அங்கிருந்து வீட்டு வாசல் வரை நாயை நிலத்தில் விடவில்லை. முதலாம் மாடித் திருப்பத்தில் மூச்சு முட்டிப் படியில் இருந்தேன். நாய் மடியில் இருந்தது. எழும்ப மனம் வரவில்லை. யாராவது வந்தால் எழும்புவோம் என்று இருந்தேன். யாரும் வரவில்லை.

பகல் முழுதும் சவர்க்காரம் போட்டு அந்த மஞ்சளை எடுக்கப் பார்த்தேன். உப்புப் போனது, மஞ்சள் போகவில்லை. வெள்ளை மயிரில் ஏறின மஞ்சள் வெளுக்குமா. உண்மையைச் சொன்னால், மஞ்சள் போயிருந்தால் நான் யாருக்கும் சொல்லாமல் விட்டிருப்பேன். இன்னொரு உண்மையும் சொல்ல வேண்டும். சமைத்துக்கொண்டு நிற்கும்போது எனக்குள் ஒரு நினைப்பு வந்தது. ஞாயிறு மதாமின் மகன் வந்து காலைப் பார்த்துக் கோபப்பட்டு நாயைக் கொண்டு போனால், திங்கட்கிழமை நான் படி இறங்கத் தேவையில்லை. கதவைச் சாத்திக்கொண்டு இருக்கலாம். அந்த நினைப்பு வந்தபோது உடம்புக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை நான் மறக்கவில்லை. பிறகு அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது.

மகள் வந்ததும் சொன்னேன்.

“அம்மா, புண்ணிலை உப்பைப் போட்டு ஊற வைச்சனீங்களோ?”

“மருந்தெண்டுதான் பிள்ளை.”

“எனக்கும் இதைத்தானே செய்தனீங்கள். நானும் கத்தினனான்” என்றாள். பிறகு கழற்றின சப்பாத்தைத் திரும்பவும் மாட்டிக்கொண்டு, வாங்கோ கீழே போவோம் என்றாள்.

மதாம் கதிரையில் இருந்தார். மகள் சொல்லச் சொல்ல நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்லி முடிந்தது. நிமிர்ந்து பார்த்தால் மதாம் நாயின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, விரல் விரலாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து ஏதோ சொன்னார்.

“நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் தனக்குத் தெரிஞ்சிருக்காதாம். மஞ்சளை ஏதோ உங்கடை ஊர் மருந்தெண்டுதான் நினைச்சவவாம்” என்றாள் மகள். “ஞாயிறு மகனுக்கு என்ன சொல்லுறதெண்டு கேக்கிறா.”

எனக்கு அப்போது எங்கிருந்து வாய் வந்தது என்று தெரியாது. “நடந்ததைச் சொல்லட்டும். மிச்சத்தை நான் வந்து காட்டுறன் எண்டு சொல்லு” என்றேன்.

அடுத்த நாள் மகள் வேலைக்குப் பிந்திப் போவதாகச் சொல்லிவிட்டு, என்னையும் நாயையும் மிருக டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். இளம் பிள்ளை அந்த டொக்டர். மஞ்சளைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினார், மகள் சொன்னதைக் கேட்டதும் அந்தச் சிரிப்பே போயிற்று. ஆனால் ஏசவில்லை. புண் ஆழமில்லை, ஆறிவிடும் என்றார். அவர் சொன்னதை மகள் சொல்ல நான் மனதில் பதித்துக்கொண்டேன். வெளியே போகுமுன் உள்ளங்காலில் கொழுப்புக் களிம்பு பூச வேண்டும். விரலிடை மயிரைக் கத்தரித்துவிட வேண்டும், அதற்குள்தான் பனி உருண்டு கட்டியாகிறது. உப்புப் போட்ட இடத்தில் தூக்கிக்கொண்டு கடக்க வேண்டும். வந்தவுடன், நக்க விடாமல், வெறும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் காலைக் கழுவி, விரலிடை ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். ரப்பரில் சின்னச் சின்னச் சப்பாத்தும் இருக்கிறதென்று எடுத்து மாட்டிக் காட்டினார். நாய் நாலு காலையும் விறைத்துக்கொண்டு மேசை மாதிரி நின்றது. தள்ளினாலும் அசையவில்லை. சப்பாத்து வேண்டாம் என்று விட்டோம்.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. வெளியே போய் வந்தால் கால் கழுவாமல் உள்ளே வருகிற ஆள் இல்லை நான். இந்தக் குளிரிலும், சப்பாத்துக்குள்ளே இருந்த காலையும் கழுவித்தான் வீட்டில் நடப்பேன். மகள் அதற்கே எத்தனை நாள் சிரித்திருக்கிறாள். ஆனால் நாய் வெளியால் வந்து கால் கழுவ வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. அது நாய்தானே என்று இருந்துவிட்டேன்.

ஞாயிறன்று மகளை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் தனியே பேசினோடும் துவாயோடும் இறங்கினேன். மதாமின் கதவு திறந்திருந்தது. உள்ளே அவருடைய மகன், உயரமான மனிதர், கறுப்புக் குளிர்ச்சட்டை, தலை நரைத்திருந்தது. அவருடைய காலடியில் நாய் கொண்டுபோகிற கூடை, கம்பிக் கதவு திறந்தபடி. நாயைத் தூக்கி மஞ்சள் காலை எனக்குக் காட்டி ஏதோ கேட்டார். சத்தம் போடவில்லை. களைத்த குரல்தான். அவரும் விடியப்புறம் வெளிக்கிட்டு வந்திருப்பார். கடைசியில் கூடையைக் காட்டி, என் முகத்தைப் பார்த்து, சரிதானே என்பது போல நிறுத்தினார்.

இந்த இடத்தில் நான் எப்போதும் உய் என்று சொல்லுவேன். அது நாக்கு நுனியில் நின்றது.

“நோன்” என்றேன்.

மதாம் தள்ளுவண்டியைப் பிடித்தபடி நின்றார். நான் நிலத்தில் குந்தி, நாயை வாங்கி, காலுக்குக் களிம்பு பூசினேன். சட்டையைப் போட்டுப் பொத்தான் பூட்டினேன். கயிற்றைக் கட்டினேன். எழும்பும்போது முழங்கால் முறிகிற சத்தம் அவருக்கே கேட்டிருக்கும். கையால் வாருங்கள் என்று காட்டிவிட்டு இறங்கினேன். கொஞ்சம் கழித்துப் பின்னால் அவருடைய சப்பாத்துச் சத்தம் வந்தது.

வாசலில் உப்புக் கிடந்த இடம் மட்டும் நாயைத் தூக்கிக்கொண்டேன். தெருவைக் கடந்து மெத்ரோவின் கீழே விட்டேன். அது நடந்தது. ஒரு காலையும் தூக்கவில்லை. சூட்டுக் காற்று வருகிற கம்பியில் போய் நின்றது. நானும் நின்றேன். அவர் ஒரு பக்கமாக நின்று இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு அவரும் வந்து அந்தக் கம்பிமேல் நின்றார், கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு. மேலே ஒரு மெத்ரோ போயிற்று.

திரும்பி ஏறும்போது என்னால் நாயைத் தூக்க முடியவில்லை. கையை நீட்டி அவரே வாங்கிக்கொண்டார். மதாமின் வாசலில் பேசினில் வெறும் தண்ணீர் எடுத்து, முழங்கையால் சூடு பார்த்தேன். அவருக்கும் தெரியட்டும் என்று அவருடைய கையைக் காட்டித் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டார். ஒரு காலாகக் கழுவினேன். நாய் முதலில் இழுத்தது, அந்தப் பேசின் அதற்கு நினைவிருக்கிறது. எரியவில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டது. விரல்களுக்கு நடுவே துவாயை விட்டு ஈரம் ஒற்றினேன். மூன்று கால் முடிந்தபோது அவர் துவாயை என்னிடம் வாங்கி, நாலாவது காலைத் தானே துடைத்தார்.

அவரும் தாயும் உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் பேசினை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டேன். பின்னேரம் கண்ணாடியால் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கூடையைக் கொண்டு காருக்குப் போனார். வீசிக்கொண்டு போனார். உள்ளே பாரம் இருந்தால் அப்படி வீச முடியாது.

இரவு மகள் மதாமிடம் கேட்டுவந்து சொன்னாள். குளிர் முடிந்தாலும் நாய் நிற்கலாம். மேல்வீட்டு மதாம் நடத்துகிறவரையில் நிற்கட்டும் என்று மகன் சொல்லிவிட்டுப் போனாராம். நடத்துகிறவரையில் என்றால் என்னவென்று எனக்கு விளங்கியது. மகளுக்கும் விளங்கியது. என் முழங்கால் தாங்கும் மட்டும்.

பிறகு மூன்று குளிர் அந்த நாய் நடந்தது. மதாம் ஒரு தரமும் படி இறங்கவில்லை. மஞ்சள் மட்டும் மாசி முடியுமட்டும் இருந்து மங்கியது.

ஆனால் அந்த ஞாயிறு பின்னேரம், கார் போன பிறகு, நான் கட்டிலில் சரிந்தேன். நாய் தங்கிவிட்டது என்ற சந்தோஷம் வருமென்று பார்த்துக்கொண்டு கிடந்தேன். வந்தது முழங்கால் வலிதான். ஆறு மணிக்கு எழும்பிச் சப்பாத்தை மாட்டி இரண்டு மாடி இறங்கினேன். மதாமின் கதவைத் தட்டுமுன் உள்ளே நகம் நிலத்தில் படுகிற சத்தம் கேட்டது. மேசைக்குக் கீழே போகவில்லை. கதவுக்கு வந்து நின்றது.

“இஞ்சை வா” என்றேன். களிம்பு பூசினேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம்.